கடை காபி மெஷின் நின்னுபோச்சா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

வேலை சென்னையில. சொந்த ஊர்ல அண்ணன் நடத்துற கடைக்கு மெஷின் வாங்கிக் கொடுத்துட்டு, சம்பளத்துல இருந்து இ.எம்.ஐ. கட்டுறீங்களா? இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில்ல, குடைவரைக் கோயில் பக்கம் ஒரு காபிக் கடைன்னு வச்சுக்குவோம். டிகாக்ஷன் இறக்குற மெஷின் 60,000 ரூபாய். தினம் 120 காபி, ஒரு காபிக்கு 5 ரூபாய் லாபம். மெஷின் நின்னா நாளுக்கு 600 ரூபாய் போச்சு. டவுன்ல இருந்து மெக்கானிக் வர 4 நாள் ஆனா 2,400 ரூபாய். இ.எம்.ஐ. மட்டும் நிக்காது.

போன்லயே கேட்க வேண்டியவை

பிளக்கைக் கழட்டி, மெஷின் ஆறின பிறகுதான் தொடணும்னு முதல்ல சொல்லிடுங்க.

1. சூடே ஆகலையா? பிளக் பாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்க. 3,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்ல சுமார் 13 ஆம்ப் இழுக்கும். 6 ஆம்ப் பாயின்ட் தாங்காது. 16 ஆம்ப் வேணும். தண்ணி இல்லாம ஓடியிருந்தா, அதிக சூட்டைத் தடுக்குற கட்-அவுட் விழுந்திருக்கலாம். அதை ரீசெட் பண்ணியும் திரும்ப விழுந்தா, மெக்கானிக் பார்க்குற வரைக்கும் ஓட்டக் கூடாது.

2. தண்ணி மெதுவா இறங்குதா, டிகாக்ஷன் தண்ணியா இருக்கா? பெரும்பாலும் உப்புப் படிவுதான். போர் தண்ணியில இருக்குற கால்சியம், சூடானதும் குழாய்லயும் ஹீட்டர்லயும் வெள்ளையா ஒட்டிக்கும். மேனுவல்ல சொன்ன அளவு சிட்ரிக் ஆசிட் கலந்து ஊறவச்சு, நல்ல தண்ணியில பல தடவை அலசணும்.

3. டேங்க் நிரம்பி வழியுதா? தண்ணி மட்டத்தைப் பார்க்குற கம்பியில உப்பு படிஞ்சா, தண்ணி இருக்குறதே மெஷினுக்குத் தெரியாது. கம்பியைச் சுத்தம் பண்ணினாலே சரியாகலாம். ஒரு விஷயம்: இந்தக் கம்பி தண்ணி வழியா மின்சாரம் கடத்தித்தான் வேலை செய்யுது. உப்பே இல்லாத ஆர்.ஓ. தண்ணி ஊத்தினாலும் இதே தொல்லை வரும்.

இதுக்கு மேல வயரிங், ஹீட்டர் எல்லாம் மெக்கானிக் வேலை.

ரிப்பேரா, புதுசா?

மொத்தத் தொகையைப் பார்த்து பயப்படாதீங்க, மாசக் கணக்கா மாத்துங்க. 6,000 ரூபாய்ல ஹீட்டர் மாத்தி 2 வருஷம் ஓடினா, மாசம் 250 ரூபாய். புது மெஷின் 60,000 ரூபாய்க்கு வாங்கி 6 வருஷம் ஓடினா, வட்டி இல்லாமலே மாசம் 833. அப்போ ரிப்பேர்தான் லாபம். ஆனா டேங்க்கே அரிச்சு ஒழுகுதுன்னா, அடுத்தடுத்து செலவு வரும். அங்க புதுசைப் பத்தி யோசிக்கலாம்.

வாரன்ட்டி இருக்கா?

அப்போ நீங்களா கழட்டாதீங்க, முதல்ல கம்பெனிக்குப் புகாரை எழுத்துல அனுப்புங்க. கடைக்கு வாங்கினா நுகர்வோர் ஆக மாட்டோம்னு பலர் விட்டுடுறாங்க. சுயதொழில் செஞ்சு பிழைக்க வாங்கி, தானே பயன்படுத்துறவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராவே பார்க்குது. அதனால பில்லை மெஷினை ஓட்டுற அண்ணன் பேர்லயே போடுங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசியா, காபிக்கு 50 பைசா தனியா எடுத்து வைக்கச் சொல்லுங்க. நாளுக்கு 60, மாசத்துக்கு 1,800 ரூபாய். அடுத்த தடவை ஹீட்டர் போனா, அண்ணன் உங்க சம்பள நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.