பெற்றோரே முதல் ஆசிரியர்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கும் பெற்றோருக்கு முதலில் வருவது பயம். "நம்மால் முடியுமா? பிள்ளையின் எதிர்காலம் என்னாகும்?" என்ற கவலை உறக்கத்தைக் கெடுக்கும்.

1542-ஆம் ஆண்டு நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்தார். மணியடித்துச் சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். கற்றதை வீட்டில் பெற்றோருக்கும் சொல்லிக்கொடுக்கப் பணித்தார். எல்லாம் தெரிந்தபின் தொடங்கியவரல்லர் அவர், கற்றுக்கொண்டே கற்பித்தவர்.

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் என்று 2-ஆம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எடுத்துரைத்தது. அந்தப் பொறுப்பை ஏற்பவர்கள் வீட்டைப் பள்ளிக்கூடமாக மாற்ற வேண்டியதில்லை. காலையில் சிறிது நேரம் வாசிப்பு, எழுத்து, கணக்கு போதும். சந்தையில் மீன் விலை கேட்டு மீதிச் சில்லறை எண்ணுவதும் கணக்குதான். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கலாம். மறைக்கல்வி வகுப்பும் விளையாட்டும் பிள்ளைக்குத் தோழர்களைத் தரும். 14 வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம்.

பயம் பொறுப்புணர்வின் அடையாளமே. அதைக் காரணம் காட்டிப் பிள்ளையை விரட்டாமல், பொறுமையோடு அருகில் அமர்வோம்.