ரிக்கார்டோ ஊற்றிய ஒயின்

பி.காம். படித்த எவரும் டேவிட் ரிக்கார்டோவை மறந்திருக்க முடியாது. வருஷா வருஷம் பத்து மார்க் கேள்வியாக வந்து நிற்பார். துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேர் வேண்டும், ஒயின் செய்ய 120 பேர். போர்ச்சுகலுக்கு முறையே 90 பேரும் 80 பேரும் போதும். இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. இருந்தும் அது ஒயினை மட்டும் செய்து விற்று, துணியை இங்கிலாந்திடம் வாங்கிக்கொண்டால் இருவருக்கும் லாபம் என்று 1817-ல் எழுதிவிட்டுப் போனார் மனுஷன். அந்த 80 பேர் யார், எந்த மலையில் வெயில் காய்ந்தார்கள் என்று பரீட்சை ஹாலில் யார் கேட்டார்கள்?

எங்கள் வீட்டில் ஒயின் என்றால் ஒரே அர்த்தம்தான்: ஒயின் ஷாப். (அந்தப் போர்டு மாட்டிய கடையில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைத்தது என்பது வேறு விஷயம்.) பெரியப்பா தன் மளிகைக் கடையையும் பெரியம்மாவின் நகைகளையும் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்தார். 47 வயதில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு 'கொஞ்சம்', 'நிறைய' என்ற வித்தியாசமெல்லாம் அம்மாவின் கணக்கில் கிடையாது.

ஆபீஸ் நண்பர்களோடு கோவா போனபோதுதான் 'போர்ட் ஒயின்' என்ற சமாசாரத்தை முதலில் பார்த்தேன். விலை மலிவு. இருமல் மருந்தில் வெல்லப்பாகு கலந்த மாதிரி ருசி. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆனால் பெயர் இறங்கிவிட்டது. 1510 முதல் 1961 வரை கோவாவில் உட்கார்ந்திருந்த போர்ச்சுகீசியர்கள் விட்டுப்போன பெயர் அது. ஐரோப்பாவில் டோரு நதிப் பள்ளத்தாக்கில் விளைந்து, அங்கேயே தயாரானதற்கு மட்டும்தான் அந்தப் பெயரை வைக்கலாமாம். அப்படியானால் ஒரிஜினல் எப்படி இருக்கும்?

திருப்பூர் நண்பன் ஒருவன் பனியன் ஏற்றுமதி செய்கிறான். போர்ட்டோ நகரில் ஒரு துணிக் கண்காட்சிக்கு சாம்பிள்களையும் பில்களையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றான். துணி எடுத்துக்கொண்டு போர்ச்சுகலுக்கு! ரிக்கார்டோ இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

வேலை முடிந்த மறுநாள் சாவ் பென்டோ ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். நீங்கள் போனால் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதல் ஒரு மணி நேரம் விசேஷமில்லை. பிறகு டோரு நதி வந்து தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்... இரண்டரை மணி நேரத்தில் பின்யாவ் என்ற சின்ன ஸ்டேஷன். சுவரெல்லாம் நீல ஓடுகளில் திராட்சை அறுவடைச் சித்திரங்கள்.

சுற்றிலும் மலை. மலை முழுக்கப் படிக்கட்டு. மண் என்று சொல்வதற்கில்லை. பலகை பலகையாகப் பிளக்கும் கல். கடப்பாரையால் அதை உடைத்து, அதே கல்லில் சுவர் எழுப்பி, கிடைத்த துளி இடத்தில் கொடியை ஊன்றியிருக்கிறார்கள். வேர், கல் இடுக்கில் தண்ணீர் தேடிக் கீழே கீழே போகிறது. எந்தத் தோட்டம் எல்லைக்குள், எது வெளியே என்று 1756-லேயே மார்க்கஸ் பொம்பால் என்ற மந்திரி ஏற்பாடு செய்து கல் நட்டுவிட்டார். ஒயினுக்கு இப்படி எல்லை வகுத்ததில் உலகின் முன்னோடிகளில் இதுவும் ஒன்று. நடுநடுவே வெறும் புதர் மண்டிய படிகளும் தெரிகின்றன. 1860-களில் வேரைத் தின்னும் ஒரு பூச்சி வந்து கொடிகளைக் கொன்றது. அப்போது கைவிட்டவர்கள் சில இடங்களுக்குத் திரும்பவேயில்லை. ரிக்கார்டோவின் 80 பேர் சும்மா கிடைக்கவில்லை, ஸார்!

நான் போனது செப்டம்பர், அறுவடைக் காலம். ஒரு தோட்டத்தில் கருங்கல் தொட்டிக்குள் தோளோடு தோள் கோத்து இருபது பேர் திராட்சையை மிதித்துக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு மணி நேரம் போலீஸ் பரேடு போல ஒரே தாளம். அப்புறம் அக்கார்டியன் வாசிக்க, கூத்துதான். இப்போது பல இடங்களில் இயந்திரம் வந்துவிட்டது. காலுக்கு ஒரு சௌகரியம் உண்டு: தோல் கிழியும், கொட்டை நசுங்காது. கொட்டை நசுங்கினால் கசப்பு.

பிறகுதான் சூட்சுமம். இட்லி மாவு புளிப்பதைப் பாதியில் நிறுத்த முடியுமா? இங்கே நிறுத்துகிறார்கள். சாறு பாதி புளித்ததும், சுமார் 435 லிட்டருக்கு 115 லிட்டர் என்ற கணக்கில் திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். அதில் ஆல்கஹால் 77 சதவீதம். புளிக்கவைக்கும் ஈஸ்ட் செத்துப்போகும். மீதி இனிப்பு அப்படியே நிற்கும். பிரான்சோடு சண்டையில் இருந்த இங்கிலாந்து, 1703-ல் போர்ச்சுகலோடு ஒப்பந்தம் போட்டு இந்தப் பக்கம் திரும்பியது. கப்பலில் கெடாமல் போய்ச் சேரத்தான் முதலில் சாராயம் சேர்த்தார்கள். பின்னால் அதுவே ருசியாகிவிட்டது.

இது கலப்படம் என்று சண்டை போட்ட ஆசாமியும் உண்டு. ஜேம்ஸ் ஃபாரஸ்டர் என்ற பிரிட்டிஷ் வியாபாரி. டோரு நதிக்கு வரைபடம் போட்டவர். 1861-ல் அதே நதியில் படகு கவிழ்ந்து மூழ்கிப்போனார். இடுப்பில் கட்டியிருந்த காசுப் பை இழுத்துக்கொண்டது என்பார்கள். கூட வந்த தோட்ட முதலாளி டோனா அந்தோனியா ஃபெரெய்ரா பிழைத்தார். குடை மாதிரி விரிந்த அவர் பாவாடை மிதக்கவைத்ததாம்! கதையோ நிஜமோ, அந்த அம்மாள் 1896 வரை இருந்து ஏகப்பட்ட தோட்டங்களை ஆண்டார்.

போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் கிடங்குகள். உள்ளே இருட்டு, குளிர், வரிசையாகப் பீப்பாய்கள். மரத்தின் வழியாக வருஷத்துக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகிவிடும். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். காஸ்ட் அக்கவுன்டிங்கில் நமக்கு அது 'நார்மல் லாஸ்'. பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 20 வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. முதலுக்கு வட்டி வேறு. எந்த பாங்க் மானேஜர் இந்த ஸ்டாக்கை நம்பிக் கடன் கொடுப்பார்?

சுற்றிக்காட்டிய பெண் 20 வருஷ 'டானி' வகையில் சின்னக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றினாள். நிறம் பழைய பித்தளை. "அத்திப்பழம், வறுத்த பருப்பு, ஆரஞ்சுத் தோல்... தெரிகிறதா?" என்றாள். எனக்குத் தெரிந்தது கருப்பட்டி. சொன்னேன். ஸ்பெல்லிங் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். நம்மூர் பாரில் கட்டிங் உள்ளே போக மூன்று நிமிஷம், ஊறுகாயையும் சேர்த்து. அந்த ஒரு கிளாஸ் எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மலை, கல், கால், பீப்பாய் எல்லாம் வரிசையாக வந்துபோயின. அதிலிருந்து எந்த ஊர் போனாலும் கோயில் எங்கே என்று கேட்ட கையோடு, 'இங்கே என்ன விளைகிறது, என்ன ஊறுகிறது' என்றும் கேட்கிறேன்.

இதற்காக போர்ட் சாது என்று நினைத்துவிடாதீர்கள். ஆல்கஹால் 20 சதவீதம். சாதாரண ஒயினை விட அதிகம். லிவருக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். ஒளிக்கவில்லை. அம்மா முன்னால் டேபிளில் வைத்து, மலையிலிருந்து தேவதைகள் வரை எல்லாம் சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"உன் பெரியப்பாவும் ஆரம்பத்துல நல்லா கதை சொல்வார்டா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாட்டிலை எடுத்துத் தன் பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டினாள். டானி வகை பாட்டிலுக்குள் மேற்கொண்டு வளராது, வைத்திருப்பதில் லாபமில்லை என்று விளக்கிப் பார்த்தேன். திருப்பூர்க்காரன் போன் செய்யும்போதெல்லாம் "திறந்தாச்சா?" என்கிறான். சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கிறது.