தாயையும் பிள்ளையையும் பிரிக்காத துணை

பத்து வயதுச் சிறுமியொருத்தி, பள்ளிக்கூடம் அனுப்பிய சுற்றறிக்கையைத் தானே வாசித்து, கைநாட்டு வைக்கவேண்டிய இடத்தைத் தாயின் விரலைப் பிடித்துக் காட்டி, தம்பியின் காய்ச்சல் மருந்தை மூடியிலுள்ள கோட்டைப் பார்த்து அளந்து ஊற்றிய பின்னரே தன் பாடப்புத்தகத்தைத் திறக்கிறாள் என்பதைக்கொண்டு, அவ்வீட்டில் வாத்ஸல்யத்துக்குக் குறைவென்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டிவிடுவது பெரும் அநியாயம். மனவளர்ச்சி குன்றியவர் என்று ஊர் சொல்லும் தாயோ தந்தையோ பிள்ளையை நேசிப்பதில் எவருக்கும் சளைத்தவரல்லர். அளவு, தேதி, கணக்கு, படிவம் ஆகியவற்றில்தான் அவர்களுக்கு ஒத்தாசை வேண்டியிருக்கிறது. அதைச் செய்யவேண்டிய பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளும்போது பாரம் முழுவதும் பிள்ளையின் தலையில் விழுகிறது. வெளியே வாய்திறந்தால் அம்மாவிடமிருந்து தன்னைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தினால் பிள்ளையும் மௌனமாகவே அதைச் சுமக்கிறது.

அந்தப் பயம் காரணமற்றதன்று. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, இத்தகைய பெற்றோரின் குழந்தையைத் தத்துக்கு உரியதென அறிவிக்கக் குழந்தைகள் நலக் குழுவுக்கு இடமளிக்கிறது. ஆனால் 2007இல் இந்தியா ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கையின் 23ஆம் விதியோ, பெற்றோரின் குறைபாட்டையே காரணமாக்கிக் குழந்தையைப் பிரிக்கலாகாதென்கிறது. சண்டிகரில் அரசுக் காப்பகமொன்றிலேயே பலாத்காரத்துக்கு ஆளாகிக் கருவுற்ற பெண்ணின் வழக்கில், அவள் சம்மதமின்றிக் கருவைக் கலைக்கலாகாதென்றும், லேசான மனவளர்ச்சிக் குறைபாடு நல்ல தாயாவதற்குத் தடையன்றென்றும் 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்குப் பிறகும் அப்படியொரு வாசகத்தைச் சட்டத்தில் எழுதிவைத்தது, என் அபிப்பிராயத்தில், வெட்கத்துக்குரிய காரியம்.

பிள்ளை பட்டினி கிடந்தாலோ துன்புறுத்தப்பட்டாலோ 1098 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கவேண்டும். அதில் தயக்கமே கூடாது. வறுமையும் தனிமையுமே பிரச்சினையானால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின் நிதியாதரவுக்கு விண்ணப்பிக்கலாம். தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். தாயைப் பெரியம்மாவோ மாமாவோ கூடவே அழைத்துச் சென்று எழுதிக்கொடுப்பது உத்தமம். அதிகாரிகள் சொல்வதைத் தாய்க்கு விளக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடலாகாது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு பாதகமாயிருந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச வக்கீல் உதவி சட்டப்படி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

எல்லாவற்றிலும் கொடுமை, விஷயம் விளங்காத தாயிடம் உறவினரே பிள்ளையைத் தத்துக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்படைப்புப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிவிடுவதாகும். அவ்வாறு நடந்திருந்தாலும் மறுபரிசீலனைக்கு இரண்டு மாத அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குள் வக்கீலைக் கூட்டிக்கொண்டு குழுவின் முன்னிலையில் தாயை நேரில் ஆஜராக்கி, பிள்ளை தனக்கு வேண்டுமென்று அவள் வாயாலேயே சொல்லச் செய்யவேண்டும்.