கான்கிரீட்டைத் தாங்கும் தச்சர்



புதிதாகக் கட்டும் வீடு ஒன்றைத் தெருவில் நின்றபடியே பாருங்கள். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டுச் சில நாட்களே ஆகியிருந்தால், உள்ளே ஒரு சவுக்குத் தோப்பே முளைத்ததுபோல் கம்புகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றின் மேல் பலகைகள். பலகைகளின் மேல் தளம். சில இடங்களில் சவுக்குக்குப் பதிலாக இரும்பு ஜாக்கிகள் இருக்கும். இந்த அமைப்புக்குச் ‘சென்டரிங்’ என்று பெயர்.

கதவும் ஜன்னலும் செய்யும் தச்சரின் வேலை வீட்டில் என்றும் நிலைத்திருக்கும். சென்டரிங் தச்சரின் வேலையோ சில வாரங்களில் பிரிக்கப்பட்டுவிடும். ஆனால் அந்தச் சில வாரங்களும் தளத்தின் பாரம் முழுவதையும் தாங்குவது அவர் அமைத்த மரம்தான். இத்தொழிலைப் பழக வரும் இளைஞர் எவற்றைக் கற்கிறார்? அவற்றில் பலவற்றை உங்கள் அறிவியல் புத்தகத்திலும் காணலாம்.

முதல் பாடம் - ஆணி பிடுங்குதல்

புதிதாக வந்தவருக்கு முதலில் உளியும் இழைப்புளியும் கிடைப்பதில்லை. பிரித்தெடுத்த பலகைகளில் ஆணி பிடுங்குவது, ஒட்டிய சிமெண்டைச் சுரண்டுவது, எண்ணெய் தடவுவது - இவையே முதல் வேலைகள். இது சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆணி, மறுநாள் யாராவது ஒருவர் காலில் ஏறிவிடும். எண்ணெய் தடவாத பலகை கான்கிரீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதுமட்டுமல்ல, உலர்ந்த மரம் கான்கிரீட்டிலுள்ள நீரை உறிஞ்சிவிடும்.

நீர் போனால் நல்லதுதானே, சீக்கிரம் காயுமே என்று நீங்கள் கேட்கலாம். கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமெண்டும் நீரும் வேதிவினை புரிவதால் இறுகுகிறது. நீர் குறைந்தால் வினை குறையும், வலுவும் குறையும். தளத்தின் மேல் பாத்தி கட்டி நாள்தோறும் தண்ணீர் நிறுத்துவது இதற்காகவே.

இரண்டாம் பாடம் - தூண் பெட்டி

தூண் வார்க்கக் கம்பிகளைச் சுற்றிப் பலகையால் ஒரு பெட்டி அடிப்பார்கள். அது நேராக நிற்கிறதா என்பதைத் தூக்குக் குண்டு சொல்லும். பெட்டியைச் சுற்றி இறுக்கும் சட்டங்களைக் கவனியுங்கள். மேலே அவற்றுக்கிடையே இடைவெளி அதிகம். கீழே வரவர நெருக்கம். ஏன்?

புதுக் கான்கிரீட் ஒரு திரவம்போலவே நடந்துகொள்கிறது. திரவத்தின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது என்று படித்திருப்பீர்கள். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோகிராம். 3 மீட்டர் உயரப் பெட்டியை வேகமாக நிரப்பினால், அடியில் பக்கவாட்டு அழுத்தம் சதுர மீட்டருக்கு 7,200 கிலோகிராம் எடை அளவுக்குப் போகலாம். தூண் ஒல்லியாக இருந்தாலும் அழுத்தம் குறையாது, உயரம்தான் கணக்கு. இதை அறியாமல் கீழே சட்டத்தைக் குறைத்தால் பெட்டி பிளந்து கான்கிரீட் கொட்டிவிடும்.

மூன்றாம் பாடம் - முட்டுக் கொடுத்தல்

3 மீட்டர் அகலமும் 4 மீட்டர் நீளமும் உள்ள அறைக்கு 12.5 செ.மீ. கனத்தில் தளம் போடுவதாக வைத்துக்கொள்வோம். அதன் கன அளவு 1.5 கனமீட்டர். கம்பியும் சேர்ந்த கான்கிரீட்டுக்குக் கனமீட்டருக்கு 2,500 கிலோகிராம் என்று கணக்கிட்டால், மொத்தம் 3,750 கிலோகிராம். வளர்ந்த ஆண் யானை ஒன்றைக் கூரைமேல் ஏற்றி வைத்ததற்குச் சமம் எனலாம். மேலே நடமாடும் ஆட்களின் எடை தனி.

ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு கம்பு நிறுத்தினால், கம்பு ஒன்றுக்குச் சுமார் 310 கிலோகிராம் வரும். 10 செ.மீ. விட்டமுள்ள கம்பை வெறும் மண்ணில் நிறுத்தினால், ஒரு சதுர செ.மீ. மண்மீது ஏறத்தாழ 4 கிலோகிராம் அழுத்தும். மண் நனைந்தால் கம்பு இறங்கிவிடும். கம்பின் அடியில் 30 செ.மீ. சதுரமான கெட்டிப் பலகையை வையுங்கள். அதே எடை 900 சதுர செ.மீ.க்குப் பரவி, அழுத்தம் சுமார் 0.35 கிலோகிராமாகக் குறைந்துவிடும்.

இனி ஒரு சோதனை. ஒரு நீண்ட ஈர்க்குச்சியை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, விரலால் மெல்ல அழுத்துங்கள். அது நசுங்காது, பக்கவாட்டில் வளையும். இப்போது அதன் நடுப்பகுதியை நண்பரை அசையாமல் பிடிக்கச் சொல்லி, மறுபடி அழுத்துங்கள். முன்பைவிட அதிக பாரம் தாங்கும். நெட்டையான கம்பு எப்போது வளையும் என்பதற்கான கணக்கை 1744இல் வெளியிட்டவர் ஆய்லர் என்னும் கணித மேதை. கம்பின் தாங்கலற்ற நீளத்தைப் பாதியாக்கினால், அது வளையாமல் தாங்கும் பாரம் நான்கு மடங்காகும் என்பது அக்கணக்கின் விளைவு. முட்டுக்கம்புகளின் நடுவே குறுக்குக் கம்புகள் கட்டுவதன் காரணம் புரிகிறதல்லவா?

கம்பின் அடியில் எதிரெதிராக இரண்டு ஆப்புகள் செருகியிருப்பார்கள். ஆப்பு ஒரு சாய்தளமே. 6 மி.மீ. தள்ளினால் 1 மி.மீ. உயரும்படி செதுக்கிய ஆப்பைக் கொண்டு, கனமான தளப்பலகையைத் துல்லியமாக மட்டத்துக்குக் கொண்டுவரலாம். பிரிக்கும்போதும் அதிர்ச்சியில்லாமல் மெல்ல இறக்கலாம்.

நான்காம் பாடம் - எதை முதலில் எடுப்பது?

தொழிலில் தேறியவரா என்பது முட்டுப் பிரிக்கும் நாளில்தான் தெரியும். “ஓரத்துல ஆரம்பிக்காதே தம்பி, நடுவுலேர்ந்து வா” என்பார் மேஸ்திரி. ஆனால் ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடுக்கு வந்தால், “நுனியிலேர்ந்து சுவரைப் பார்த்து வா” என்பார். ஏன் இப்படி மாற்றிச் சொல்கிறார்?

ஒரு நீள ரப்பரின் பக்கத்தில் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் வரையுங்கள். அதன் இரு நுனிகளையும் இரண்டு பென்சில்கள்மேல் வைத்து நடுவில் அழுத்துங்கள். அடிப்பக்கத்தில் கோடுகள் விலகும்; அங்கே இழுவிசை. மேலே கோடுகள் நெருங்கும், அங்கே அமுக்கம். கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையை அதில் பத்தில் ஒரு பங்கு அளவே தாங்கும். ஆகவே இரு சுவர்களுக்கிடையே உள்ள தளத்தில், நடுப்பகுதிக் கம்பிகளை அடிப்பக்கத்தில் வைக்கிறார்கள்.

இப்போது ரப்பரின் நடுவில் மட்டும் ஒரு பென்சிலை வைத்து, இரு நுனிகளையும் அழுத்துங்கள். மேல்பக்கம் இழுபடுகிறது! ஓரத்து முட்டுகளை முதலில் எடுத்தால் தளத்துக்கு நேர்வது இதுதான். நடுவில் நிற்கும் கம்புக்கு மேலே தளம் இழுபடும், அங்கே கம்பி இல்லை, விரிசல் விழும். சன்ஷேடில் கம்பி மேல்பக்கம் இருக்கும். சுவரோரத்து முட்டை எடுத்துவிட்டு நுனியில் மட்டும் முட்டு நிறுத்தினால், கம்பியில்லாத அடிப்பக்கம் இழுபடும். எனவே அங்கே முறை தலைகீழ்.

எத்தனை நாள் பொறுப்பது?

சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு, வெப்பநிலை 15 டிகிரி செல்சியசுக்குக் குறையாத இடங்களில் பொறுக்க வேண்டிய காலத்தை ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர நெறி (2000) கூறுகிறது. தூண் பக்கப் பலகைகளுக்கு 16 முதல் 24 மணி நேரம். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகளுக்கு 7 நாள். அதற்கு மேல் 14 நாள். உத்தரங்களின் முட்டுகளுக்கு 6 மீட்டர் வரை 14 நாள். அதற்கு மேல் 21 நாள். குளிரில் வேதிவினை மெதுவாக நடப்பதால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அவசரத்தின் விலை என்ன என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்னுமிடத்தில் ஓர் உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. 1973 மார்ச் 2 அன்று, 23ஆம் தளத்தின் கான்கிரீட் போதிய வலுப்பெறுமுன் அதன் கீழிருந்த முட்டுகள் எடுக்கப்பட்டன. தூண்களைச் சுற்றித் தளம் அறுந்தது. அது கீழ்த்தளத்தின்மேல் விழ, அதுவும் உடைய, இடிபாடு தரைவரை இறங்கியது. 14 தொழிலாளர்கள் இறந்தனர். முட்டுகளை உரிய காலத்துக்கு முன் அகற்றியதே காரணம் என்று அந்நாட்டு அரசின் ஆய்வு நிலையம் கண்டறிந்தது.

பலகையும் கம்புகளும் சீக்கிரம் வந்தால் அடுத்த வேலைக்கு அனுப்பலாம் என்று எந்தக் கட்டடத்திலும் ஒருவர் நினைக்கக்கூடும். அப்போது “இன்னும் நாள் ஆகவில்லை” என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்குக் காரணமும் காட்டத் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பழகுநருக்கு எழுத்து ஒப்பந்தமும் உதவித்தொகையும் தர வழிசெய்கிறது. 2014இல் செய்த திருத்தத்தின்படி, ஆபத்தான தொழில்களில் சேர 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் தச்சுப் பிரிவு உண்டு. ஆனாலும் மேஸ்திரி ஒருவரிடம் கையாளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே கற்பவர்கள் ஏராளம். அவர்கள் கை அறிந்ததன் காரணத்தை நீங்கள் புத்தகத்தில் படிக்கிறீர்கள்.

உங்கள் தெருவில் தளம் போடும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போக வேண்டாம். வெளியில் நின்றே கவனியுங்கள். முட்டுகள் எத்தனையாவது நாள் இறங்குகின்றன? முதலில் எடுப்பது நடுவிலா, ஓரத்திலா?