தரையை உரசும் கார். மலை ரோட்டில் ஆபத்து!

கொல்லிமலை,-
காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள்! திண்ணனூர் நாடு முதலான மலை ஊர்களுக்கு ஏறும் இந்த ரோட்டைப் பார்த்தால் கார் பிரியர்களுக்குக் கை துறுதுறுக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டி, காரைத் தரையோடு இறக்குவது சில வாலிபர்களின் பொழுதுபோக்கு. பார்க்க ஜோர்தான்! பாரம் கீழே இறங்குவதால் வளைவில் கார் அதிகம் சாயாது. ஆனால் அது ரேஸ் மைதானத்துக்கு.

கோவை கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்துத் தாழ்வான ரேஸ் கார்கள் கட்டினார். அவை ஓடியது பந்தயத் தடத்தில். 1995-ல் அவர் மறைந்தார். செட்டிப்பாளையம் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

மலை ரோட்டில் கதையே வேறு. விதிப்படி போட்ட வேகத்தடையே 10 செ.மீ. உயரம். அடியில் இடித்து ஆயில் சேம்பர் உடைந்தால்? வளைவில் ஆயில் கொட்டும். பின்னால் பெண்டாட்டி, பிள்ளையோடு பைக்கில் வருகிறவர் கதி?

கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம். அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

வெட்டின ஸ்பிரிங்கை ஒட்ட முடியாது. புதுசுதான் வாங்கணும்.