ஸ்கூபி கூட்டத்திடம் ஏன் துப்பாக்கி இல்லை?

பழைய கார்ட்டூன்களில் எலி ஜெர்ரி வாணலியால் ஒரு போடு போட்டால் பூனை டாமின் முகமே வாணலி மாதிரி ஆகிவிடும். அதே டாமும் ஜெர்ரியும் 1975-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காகப் புதுத் தொடரில் வந்தபோது அடிதடியே இல்லை. ஜெர்ரி கழுத்தில் சிவப்பு போ டை. இரண்டும் நண்பர்களாக ஊர் சுற்றின, விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டன. உப்புச் சப்பில்லாத தொடர். இத்தனைக்கும் பழையதைப் படைத்த ஹன்னா, பார்பெராவின் நிறுவனம்தான் இதையும் தயாரித்தது.

1940-இல் தொடங்கிய பழைய டாம் அண்ட் ஜெர்ரி குழந்தைகளுக்கென்று எடுத்ததல்ல. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால், பெரியவர்களும் சேர்ந்து சிரிக்க எம்ஜிஎம் எடுத்தது. டிவி பரவிய பிறகு சனிக்கிழமை காலை பிள்ளைகளின் நேரமானது. 1966, 67 வாக்கில் ஸ்பேஸ் கோஸ்ட், ஹெர்குலாய்ட்ஸ் போன்ற சண்டைத் தொடர்கள் அந்த நேரத்தைப் பிடித்துக்கொண்டன. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, டிவியில் வரும் வன்முறை மீதும் கோபம் திரும்பியது. அதே ஆண்டு மாசசூசெட்ஸில் பெக்கி சாரன் என்பவர் வேறு சில தாய்மார்களோடு சேர்ந்து குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர் தணிக்கை கேட்கவில்லை; நல்ல நிகழ்ச்சியும் குறைவான விளம்பரமும் கேட்டார். சேனல்களுக்கோ கத்தரிக்கோல்தான் சுலபமாக இருந்தது.

இந்தச் சூழலில்தான் 1969 செப்டம்பரில் சிபிஎஸ் சேனலில் ஸ்கூபி டூ வந்தது. முதலில் கொண்டுபோன வடிவம் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று மேலிடம் திருப்பி அனுப்பிவிட்டது. ஸ்கூபி என்ற நாயை முன்னால் நிறுத்தி, சிரிப்பைக் கூட்டிய பிறகே அனுமதி கிடைத்தது. பேய் துரத்தும், ஸ்கூபியும் அதன் நண்பர்களும் ஓடுவார்கள். கடைசியில் வலையிலோ பீப்பாயிலோ பேய் மாட்டும், முகமூடியைக் கழற்றினால் உள்ளே பக்கத்து ஊர் ஆசாமி. துப்பாக்கியும் தேவையில்லை, குத்தும் தேவையில்லை. கட்டுப்பாட்டுக்குள் நின்றே ஒரு நல்ல கதைவடிவத்தைப் பிடித்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. பழைய பக்ஸ் பன்னி படங்களை டிவியில் போடும்போது துப்பாக்கி வெடிக்கும் நொடியை வெட்டினார்கள். அதோடு சிரிப்பும் போயிற்று. எண்பதுகளின் ஜி.ஐ. ஜோ என்ற போர்க் கார்ட்டூன் தொடரில் தோட்டாவுக்குப் பதில் லேசர் கதிர். விமானம் நொறுங்கினால் பாராசூட் தவறாமல் விரியும். ஆயுதத்தை ஒளிப்பதைவிட, போரில் யாரும் சாவதில்லை என்று காட்டுவது எனக்கு மோசமாகப் படுகிறது.

சேனல்களில் இதற்கென்றே ஒரு பிரிவு உட்கார்ந்து கதையையும் படங்களையும் பார்க்கும். அடி எவ்வளவு பலம் என்பதைவிட, பார்க்கிற பிள்ளை வீட்டில் அதைச் செய்து பார்க்குமா என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கவலை. பட்டறைக்கல்லை மாடியிலிருந்து தள்ள எந்தப் பிள்ளையாலும் முடியாது. முள்கரண்டியால் தம்பியைக் குத்த முடியும். 2020-இல் பக்ஸ் பன்னியோடு வந்த புதிய லூனி ட்யூன்ஸிலும் இதே கணக்குதான்: வேட்டைக்காரர் எல்மரிடம் துப்பாக்கி இல்லை, நீண்ட அரிவாள்தான் இருந்தது; டைனமைட் மட்டும் தாராளமாக வெடித்தது.

2006-இல் பிரிட்டனில் டாம் அண்ட் ஜெர்ரி பற்றி ஒரு பார்வையாளர் புகார் செய்தார். சேனலும் பழைய படங்களைத் தேடிச் சில காட்சிகளை வெட்டச் சம்மதித்தது. புகார் அடிதடி பற்றியல்ல, டாம் சிகரெட் பிடிப்பது பற்றி.