காற்றோடு கணக்குத் தீர்க்கும் போட்டி

2025 செப்டம்பர் 21 அன்று ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் தொடங்கியது. ஆப்பிரிக்க மண்ணில் அந்தப் போட்டி நடப்பது அதுவே முதல் முறை. பெண்களுக்கான தனிநபர் டைம் டிரையலில் சுவிட்சர்லாந்தின் மார்லன் ராய்சர் 31.2 கிலோமீட்டரை 43 நிமிடம் 9 விநாடியில் கடந்து தங்கம் வென்றார். முந்தைய நாள்தான் அவருக்கு 34 வயது நிறைந்திருந்தது. நெதர்லாந்தின் அன்னா வான் டெர் பிரெக்கன் 52 விநாடி பிந்தி வெள்ளியும், அதே நாட்டின் டெமி வோலரிங் வெண்கலமும் பெற்றார்கள். ராய்சரின் சராசரி வேகம் மணிக்கு 43 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதுவும் சமதளத்தில் அல்ல. கிகாலி மேடும் பள்ளமுமான ஊர். பாதையின் கடைசிப் பகுதியில், கால்கள் ஓய்ந்துபோன நேரத்தில், கல் பாவிய கிமிஹுருரா ஏற்றம் வேறு காத்திருந்தது.

டைம் டிரையலின் விதி எளிது. வீராங்கனைகள் ஓரிரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்பட வேண்டும். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக் காற்றிலிருந்து தப்பிக்க அனுமதியில்லை. சாதாரண சாலைப் பந்தயத்தில் கூட்டத்துக்குள் புகுந்து பாதிச் சக்தியை மிச்சம் பிடித்துவிடலாம்; இங்கே அந்தச் சலுகை கிடையாது. ஆக, ஒவ்வொருவருக்கும் எதிராளி காற்றுதான்.

ஆடி மாதத்தில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட எதிராளி என்று தெரியும். தெரியாதது அதன் கணக்கு. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அந்தத் தடையைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடுகிறது. இரண்டு மடங்கு வேகம் வேண்டுமென்றால் எட்டு மடங்கு திறன் வேண்டும். நல்ல நிலையில் குனிந்து ஓட்டும் ஒரு முன்னணி வீராங்கனை கடல்மட்டச் சமதளச் சாலையில் 45 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்கு மட்டும் சுமார் 235 வாட் கொடுக்க வேண்டும். டயர் தரையில் உருளும் உராய்வுக்கு 30 வாட்டுக்கும் குறைவு. இப்போது அவர் வேகத்தை 46 ஆக்க நினைத்தால், காற்று கேட்கும் தொகை 250 வாட். ஒரே ஒரு கிலோமீட்டர் வேகத்துக்குக் கூடுதலாக 15 வாட். ஏற்கெனவே உடலின் எல்லையில் மிதித்துக்கொண்டிருப்பவருக்கு இது எளிதில் புரட்டக்கூடிய தொகை அல்ல. ஆனால் புரட்டிவிட்டால் 30 கிலோமீட்டர் தூரத்தில் 52 விநாடி மிச்சம். கிகாலியில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்ததும் அவ்வளவுதான்.

திறனைக் கூட்டப் பல மாதப் பயிற்சி வேண்டும். அதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது: காற்றில் மோதும் பரப்பைக் குறைப்பது. மேலே சொன்ன வீராங்கனை தன் பரப்பை ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்கினால், அதே உழைப்பில் 46 கிலோமீட்டர் வேகம் கிடைத்துவிடும். காற்றுத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு மனித உடலால் வருவது. சைக்கிளின் பங்கு மீதிதான். அதனால்தான் ஹேண்டில்பாரிலிருந்து முன்னால் நீளும் இரு கம்பிகளைப் பிடித்து, முழங்கைகளை நெருக்கி, தோள்களைக் குறுக்கி, தலையைக் கைகளுக்கு இடையே புதைத்து ஓட்டுகிறார்கள். பார்க்க அழகான தோரணை அல்ல. அரை மணி நேரத்துக்கு மேல் கழுத்தை அப்படி வைத்திருப்பது கொடுமை. அதோடு, உடலை மிகவும் தாழ்த்தினால் ஒவ்வொரு மிதிப்பிலும் தொடை வயிற்றை முட்டும், மூச்சு அடைபடும், திறன் குறையும். காற்றுச் சுரங்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து தேடுவது, காற்றில் கிடைக்கும் லாபம் கால்களில் வரும் நஷ்டத்தைவிட அதிகமாக இருக்கும் அந்த ஓர் இடத்தைத்தான். அது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

உடையிலும் சூட்சுமம் உண்டு. முழுக்க வழுவழுப்பான துணியே நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் மேற்கைகளிலும் தோள்களிலும் வேண்டுமென்றே சொரசொரப்பான, வரிவரியான துணியைத் தைக்கிறார்கள். தோலையொட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலத்தை அது சற்றே கலக்கிவிடும். கலங்கிய படலம் கையின் வளைவைச் சுற்றிக் கூடுதல் தூரம் ஒட்டிக்கொண்டு போகும். அதனால் பின்னால் உருவாகும் வெற்றிடம் போன்ற சுழல் பகுதி குறுகும், பின்னிழுப்பும் குறையும். பின்சக்கரத்தில் கம்பிகளே கிடையாது, முழுத் தட்டு. முன்சக்கரத்தையும் தட்டாக்கினால் பக்கக்காற்று ஹேண்டில்பாரையே திருப்பிவிடும் என்பதால் அதைச் செய்வதில்லை.

இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். பின்னால் வரும் அணியின் காரும் வீராங்கனைக்கு உதவும். கார் தன் முன்னே காற்றை அழுத்திக்கொண்டு வருகிறது. மிக நெருங்கி வந்தால் அந்த அழுத்தம் முன்னால் போகும் சைக்கிளின் முதுகுப்புறச் சுழலைத் தணிக்கும். பெல்ஜிய ஆய்வாளர் பெர்ட் பிளாக்கன் கணினிக் கணக்கீட்டாலும் காற்றுச் சுரங்கச் சோதனையாலும் இதைக் காட்டினார். கார் எவ்வளவு தள்ளி வர வேண்டும் என்ற விதி வெறும் பாதுகாப்புக்கானது மட்டும் அல்ல.

கிகாலிக்கு வருவோம். ஊர் கடல்மட்டத்துக்கு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. தடை குறையும், நல்லதுதான். ஆனால் மூச்சில் வரும் ஆக்ஸிஜனும் குறைவதால் உடல் தரும் திறனும் சில சதவீதம் இறங்கும். சமதளத்தில் கூட்டிக் கழித்தால் லாபம்தான். ஒரு மணி நேரச் சாதனைக்காக இத்தாலியின் விட்டோரியா புஸ்ஸி மெக்சிகோவின் ஆகுவாஸ்காலியன்டஸ் வரை போனது இந்த லாபத்துக்காகத்தான். சுமார் 1,900 மீட்டர் உயரத்திலுள்ள அந்த ஊரின் சைக்கிள் ஓடுதளத்தில் 2023 அக்டோபரில் ஒரு மணி நேரத்தில் 50.267 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு சுவிட்சர்லாந்தின் தாழ்வான கிரென்ஷனில் நெதர்லாந்தின் எலன் வான் டைக் ஓட்டியது 49.254. ஆனால் மலைச்சாலையில் இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடும். ஆறு சதவீதச் சரிவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது காற்றுக்குப் போவது 20 வாட் அளவுதான். புவியீர்ப்புக்கு 240 வாட்டுக்கு மேல். அங்கே மெல்லிய காற்றால் பயனில்லை, குறைந்த ஆக்ஸிஜனால் நஷ்டம் மட்டும் உண்டு. கிகாலிப் பாதை ஒரே ஓட்டத்துக்குள் இந்த இரண்டையும் மாறி மாறிக் கொடுத்தது.

என்னைக் கேட்டால், டைம் டிரையலின் உண்மையான சுவாரசியம் இங்கேதான் தொடங்குகிறது: இருக்கும் சக்தியை எங்கே செலவழிப்பது? ஒரே சீராக மிதிப்பதுதான் சரி என்று தோன்றலாம். பத்து கிலோமீட்டர் ஏற்றத்தை 30 வேகத்திலும், பத்து கிலோமீட்டர் இறக்கத்தை 60 வேகத்திலும் ஓட்டுகிறோம் என்று கொள்வோம். ஏற்றத்தில் வேகத்தை ஒரு கிலோமீட்டர் கூட்டினால் 39 விநாடி மிச்சம். இறக்கத்தில் அதே ஒன்றைக் கூட்டினால் மிச்சம் 10 விநாடி மட்டுமே. இறக்கத்தில் அந்த ஒன்றுக்குக் காற்று கேட்கும் விலையும் அதிகம். ஆகவே ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் தாராளமாகச் செலவழி, இறக்கத்திலும் பின்காற்றிலும் இறுக்கிப் பிடி. விதி இவ்வளவுதான். ஆனால் உடலிடம் இருக்கும் கையிருப்பு சிறியது. நீண்ட நேரம் தாங்கக்கூடிய திறனுக்கு மேலே போகும் ஒவ்வொரு விநாடியும் அந்தக் கையிருப்பிலிருந்து கழியும். தீர்ந்துவிட்டால் வேகத்தைக் குறைத்தால்தான் அது மெல்ல நிரம்பும். முதல் ஐந்து நிமிடத்தில் ஆர்வக்கோளாறில் செலவழித்தவர் கடைசி ஏற்றத்தில் அதற்கான வட்டியைக் கட்டுவார். பெடல் தண்டில் பொருத்திய பவர் மீட்டர் வாட் கணக்கை நொடிக்கு நொடி திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் இன்றைக்குக் கால்கள் எவ்வளவு தாங்கும் என்பதை அந்தத் திரை சொல்லாது.

வெப்பமும் ஒரு செலவுதான். பெடலில் 280 வாட் கொடுக்க, உடல் கிட்டத்தட்ட 900 வாட்டை வெப்பமாக வெளியேற்ற வேண்டியிருக்கிறது. புறப்படும் முன் பனிக்கட்டிப் பைகள் வைத்த மேலுடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அதுவே காரணம். கொளுத்தும் தோஹாவில் 2016-இல் உலகப் பட்டம் வென்ற அமெரிக்காவின் ஆம்பர் நெபெனுக்கு அப்போது வயது 41.

அந்த வயது விதிவிலக்கு அல்ல. அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் ரியோவில் மூன்றாவது முறையாக ஒலிம்பிக் டைம் டிரையல் தங்கம் வென்றது தன் 43-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய தினம். (லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு உறவில்லை.) சைக்கிளுக்குத் தாமதமாக வந்தவர்களும் இங்கே அதிகம். ராய்சர் மருத்துவர்; 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக், சூரிக் உலகப் போட்டி இரண்டிலும் வென்ற ஆஸ்திரேலியாவின் கிரேஸ் பிரவுன் முதலில் ஓட்டக்காரர், காயம் பட்டபின் சைக்கிளுக்கு மாறியவர். கூட்டத்துக்குள் தோளோடு தோள் உரசி ஓட்டும் லாகவம் சிறு வயதிலிருந்தே பழகினால்தான் கைவரும். தனியாக ஓட்டும் போட்டிக்கு நல்ல நுரையீரலும் பொறுமையும் போதும் என்றுகூடச் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு 2020 இமோலாவை நினைத்துப் பார்க்க வேண்டும்: முந்தைய ஆண்டு யார்க்‌ஷயரில் ஒன்றரை நிமிட வித்தியாசத்தில் வென்றிருந்த அமெரிக்காவின் குளோயி டைகர்ட், இமோலாவிலும் முன்னிலையில் இருந்தபோது ஒரு வளைவில் கட்டுப்பாட்டை இழந்து, சாலையோர இரும்புத் தடுப்பைத் தாண்டி விழுந்தார். இடது காலில் ஆழமான வெட்டு. மூன்று ஆண்டுகள் கழித்து ஸ்டெர்லிங்கில் ஆறு விநாடி வித்தியாசத்தில் அந்தப் பட்டத்தை மீட்டார்.

விதிகள் எல்லா உடலுக்கும் ஒரே மாதிரி பொருந்துவதில்லை. சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது இருபாலருக்கும் பொது. 55 கிலோ வீராங்கனைக்கு அந்த எடை 75 கிலோ வீரருக்கு இருப்பதைவிட அதிகச் சுமை. ஹேண்டில்பார் நீட்சியின் அளவுகளை உயரத்தைப் பார்த்து மூன்று வகையாகப் பிரித்தார்கள். அதில் 180 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளவர்கள் எல்லாரும் ஒரே வகை. 157 சென்டிமீட்டர் உயரத்தோடு 2010-இல் உலகப் பட்டம் வென்ற பிரிட்டனின் எம்மா பூலியும் 179 சென்டிமீட்டர்காரரும் அந்த ஒரே பெட்டிக்குள். வகுத்தவர்கள் யாருடைய உயரத்தை மனதில் வைத்து வகுத்தார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல.

தூரத்திலும் அந்தக் கதைதான்: பெண்களுக்குப் பெரும்பாலும் ஆண்களைவிடக் குறைந்த தூரம். பெண்களுக்கான உலக டைம் டிரையல் 1994-இல் சிசிலியில் தொடங்கியது. அமெரிக்காவின் கேரன் குரெக் முதல் சாம்பியன். அதற்கு 27 ஆண்டுகள் முன்பே பெண்களின் தாக்குப்பிடிக்கும் திறன் குறித்த கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. 1967-இல் யார்க்‌ஷயரில் நடந்த 12 மணி நேர டைம் டிரையலில், ரூபார்ப் பண்ணையில் வேலை பார்த்துவந்த பெரில் பர்ட்டன் 277.25 மைல் ஓட்டினார். ஏறத்தாழ 446 கிலோமீட்டர். ஆண்களில் முன்னிலையில் இருந்த மைக் மெக்நமாரா அன்று ஆண்களுக்கான சாதனையையே முறியடித்துக்கொண்டிருந்தார். பர்ட்டன் அவரை எட்டிப்பிடித்து, தாண்டும்போது பையிலிருந்து ஒரு லிக்கரிஷ் மிட்டாய் எடுத்து நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். பர்ட்டனின் தூரத்தை எந்த ஆணும் தாண்ட இரண்டு ஆண்டு ஆனது. பெண்களில் ஒருவர் தாண்டியது 2017-இல்.

2022-இல் ஆஸ்திரேலியாவின் வொலங்காங்கில் நடந்த உலகப் போட்டியில் ஆண்களும் பெண்களும் ஒரே தூரம் ஓட்டினார்கள். ஒரே நாள், ஒரே 34.2 கிலோமீட்டர். எலன் வான் டைக் 44 நிமிடம் 28 விநாடி. நார்வேயின் தோபியாஸ் ஃபோஸ் 40 நிமிடம் 2 விநாடி. வேகத்தில் பத்து சதவீத வித்தியாசம். கனக் கணக்கைப் போட்டால் அது திறனில் கால் பங்குக்கு மேற்பட்ட வித்தியாசம். கடிகாரத்தில் அது சிறிதாகத் தெரிவதற்குக் காரணம், வேகமாகப் போகிறவரிடம் காற்று வசூலிக்கும் அதிக வரி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் மழையில் நனைந்த அதே 32.4 கிலோமீட்டர் பாதைதான் இருவருக்கும். பிரவுனின் சராசரி 49 கிலோமீட்டர், ஆண்களில் வென்ற ரெம்கோ எவனபூலுக்கு 53.7.

உலகப் போட்டியோ வொலங்காங்குக்குப் பிறகு பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டது. 2023-இல் பெண்களுக்கு 36.2, ஆண்களுக்கு 47.8 கிலோமீட்டர். சூரிக்கில் 29.9, 46.1. கிகாலியில் 31.2, 40.6. சாலையை எத்தனை மணி நேரம் அடைப்பது, தொலைக்காட்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதெல்லாம் அமைப்பாளர்களின் கவலையாக இருக்கலாம். உடலியலில் மட்டும் அதற்கு ஒரு காரணமும் கிடையாது.